ரணகள்ளி இலைக்குள் ஒரு குடித்தனம்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைச் சாலையின் இருமருங்கும் கரும்பாறைகள் எழுந்து நிற்கின்றன. அத்தகைய பாறையொன்றின் இடுக்கிலிருந்து என் மாணவன் ஒருவன் ரணகள்ளிக் கன்றொன்றைக் கொணர்ந்து, வகுப்பறைத் திண்ணையில் தொட்டியில் நட்டான். சிங்கள அன்பர்கள் 'அக்கபான' என்று வழங்கும் செடி அது.

சில வாரங்களில் இலைகளில் வெளிறிய தழும்புகள் தோன்றின. நோய் என்று தீர்மானித்த நான், அவ்விலைகளைக் கிள்ளி எரித்துவிடச் சொன்னேன். அவன் கிள்ளினான், எரிக்கவில்லை. ஓரிலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "ஐயா, உள்ளே ஏதோ ஊருகிறது" என்றான்.

ஊர்ந்தது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. 'ரெட் பியரோ' என்பது அதன் ஆங்கிலப் பெயர். பியரோ என்பவன் பிரெஞ்சு நாடக மேடையின் வெள்ளுடைக் கோமாளி. விரித்த சிறகு ஒன்றரை அங்குலமும் தேறாது. சிறகை மடக்கி அமர்ந்தால் வெண்மையில் கரும்புள்ளிகளும், பின்சிறகில் செம்மஞ்சள் திட்டும் தெரியும். நிலத்தை ஒட்டியே சோம்பலாகப் பறக்கும்.

பாறைமேல் நீர் நில்லாது. ஆதலால் ரணகள்ளி பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக்கிச் சேமிக்கிறது. காலையில் இலை புளிக்கும்; மாலையில் புளிக்காது. இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் இதனை நாவால் சுவைத்தறிந்தார். 1815-ல் அவர் குறிப்பு வெளிவந்தது. வறட்சிக்கென்று செடி சேர்த்த அந்தச் சதையே புழுவுக்கு வீடும் உணவும். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே குடைந்து வாழ்ந்து, கூட்டுப்புழுவாகும் பருவத்திலேயே வெளியே வருகிறது.

ரணகள்ளியின் பூர்வீகம் மடகாஸ்கர். அதன் குலத்து உள்ளூர்ச் செடிகளை உண்டுவந்த பூச்சி, வந்தேறியையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. தோட்டத்து லயங்களில் பிறந்த எம்மவர்க்கு இச்செய்தி சற்று இனிக்கவே செய்யும்.

கிள்ளிய இலைகளை ஈரத்துணியில் வைத்துக் காத்தோம். மூன்று பூச்சிகள் வெளிவந்தன. சிறகு உலரும்வரை வகுப்பில் பேச்சில்லை. முந்திய ஆண்டு என் வீட்டு முற்றத்தில் இதே தழும்புக்காக நான் ஒரு கூடை இலையை எரித்ததை மாணவனிடம் அன்றுதான் சொன்னேன்.

"அதற்குள்ளும் இருந்திருக்குமா ஐயா?" என்று கேட்டான்.

இருந்திருக்கும் என்றேன்.