குளிர்ல பிரேக் பிடிக்க விரல் வருதா? ஹேண்ட் கார்டு எக்ஸ்டென்ஷன் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

டிசம்பர் மாதம், காலை 6 மணி. ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். பைக்கோடு வந்த ஹேண்ட் கார்டு இருந்தது. கையில் க்ளவுஸும் இருந்தது. ஆனாலும் ஒரு வளைவில் பிரேக் பிடிக்கப் போனால், விரல் லீவர் மேல இருக்கா இல்லையான்னே தெரியல. பிடிச்சேன், ஆனா லேட்டா. ஓரங்கட்டி, இன்ஜின் பக்கத்துல கையைக் காட்டிச் சூடேத்தும்போதுதான் எக்ஸ்டென்ஷன் வாங்கணும்னு முடிவு பண்ணேன்.

விரல் ஏன் மரத்துப்போகுது?

வெளியே 10 டிகிரி குளிர். நீங்க 60 கி.மீ வேகத்துல போறீங்க. எதிர்க்காற்று அடிக்கும்போது வெறும் தோலுக்கு அது கிட்டத்தட்ட 5 டிகிரி மாதிரி உறைக்கும். குளிர் ஏறினால், உடம்பு உள் உறுப்புகளைச் சூடா வெச்சுக்க, விரலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும். 60 கி.மீ வேகத்துல பைக் ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் நகரும். மரத்துப்போன விரல் அரை நொடி தாமதிச்சாலே 8 மீட்டர் போச்சு. மலைப்பாதையில அது எவ்வளவு பெரிய தூரம்னு சொல்லவே வேணாம்.

பைக்கோடு வரும் ஹேண்ட் கார்டு பெரும்பாலும் விரல் முட்டியை மட்டும்தான் மறைக்கும். அதுக்கு மேல வர்ற காற்று நேரா விரல்லயும் மணிக்கட்டுலயும் அடிக்கும். அந்த இடைவெளியை அடைக்கும் கூடுதல் தகடுதான் எக்ஸ்டென்ஷன். இது காற்றையும் மழையையும் தடுக்கும், அவ்வளவுதான். பைக் விழுந்தா லீவரைக் காப்பாத்தணும்னா, உள்ளே அலுமினியக் கம்பி இருக்கும் ஹேண்ட் கார்டு வேணும். அது வேற பொருள்.

முதல்ல அட்டை, அப்புறம் காசு

நான் முதல்ல வாங்கினது போட்டோவைப் பார்த்து வாங்கினது. பார்க்கிங்ல யூ-டர்ன் அடிக்கும்போது விண்ட் ஸ்க்ரீன்ல முட்டி, ஹேண்டில் பாதியிலேயே நின்னு, பைக் சாய்ஞ்சிடுச்சு. அதனால, வாங்கும் முன்னாடி தடிமனான அட்டையை அந்த அளவுல வெட்டி, கார்டு மேல டேப் போட்டு ஒட்டுங்க. வண்டியை நிறுத்திவெச்சே ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்க. விண்ட் ஸ்க்ரீன், மிரர், கேபிள் எதுலயும் படக் கூடாது. உட்கார்ந்தும் நின்னும் பாருங்க. ரோடும் மீட்டரும் மறையக் கூடாது.

எந்த மெட்டீரியல்?

கண்ணாடி மாதிரி தெரியுற தகடுகள்ல ரெண்டு வகை உண்டு. அக்ரிலிக் விலை குறைவு. ஆனா கல் பட்டா கூரான துண்டா உடையும். பாலிகார்பனேட் வளையும், சுலபத்துல உடையாது. டூரிங்குக்கு அதுதான் சரி. ஆனா அதை பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதீங்க, விரிசல் விடும். போல்ட் கழலாம இருக்கப் போடும் த்ரெட் லாக்கர் திரவமும் அதுக்கு ஆகாது. ரப்பர் வாஷரும் நைலான் லாக் நட்டும் போதும்.

ஒட்டும் டேப் மட்டும் நம்பி வர்றதைவிட, போல்ட் போட்டு மாட்டுறது நல்லது. நம்ம ஊர் மே மாத வெயில்ல கைக்குக் காற்று வேணுமே! அதனால, கார்டுல ஓட்டை போடாம கழற்றி மாட்டுற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

மாட்டினதும் செய்ய வேண்டிய செக்கிங்

* பிரேக், கிளட்ச் லீவரை முழுசா அழுத்தி விடுங்க. தகடு எங்கேயும் உரசக் கூடாது. பிரேக் லீவரைத் தகடு லேசா அழுத்திக்கிட்டே இருந்தாகூட பிரேக் சூடேறும். இறக்கத்துல தேவைப்படும்போது கைகொடுக்காது.
* ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டா, தானா பழைய இடத்துக்கு வரணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் திருப்பிவெச்சும் இதைப் பாருங்க.
* முதல் ரைடு காலி ரோட்டுல, 40, 60, 80 கி.மீ-னு படிப்படியா. ஹேண்டில் ஆட்டம் கண்டாலோ, பக்கக் காற்றுல இழுத்தாலோ கழற்றிடுங்க. தகடு பெருசாக ஆக, காற்று பிடிக்கிறதும் அதிகமாகும்.
* 100 கி.மீ ஓட்டினதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை டைட் பண்ணுங்க.

இன்னொண்ணு. எக்ஸ்டென்ஷன் போட்டாச்சேன்னு க்ளவுஸை வீட்டுல வெச்சுட்டுக் கிளம்பாதீங்க. காற்றைத் தடுக்குறது தகட்டோட வேலை. சூட்டைத் தக்கவைக்கிறது க்ளவுஸோட வேலை. ரெண்டும் இருந்தும் விரல் மரத்துப்போனா, அடுத்த டீக்கடையில நிறுத்துங்க. லீவர் விரல்ல உணர்ந்ததுக்கு அப்புறம் வண்டியை எடுங்க.