ஒட்டிய தோல் ஆறும் முன் மலையேறலாமா?

ரவாங் – ரவாங்கிலிருந்து பத்தாங் காலி வழியாகக் காரை விட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கெந்திங் மலை. அதனால்தானோ என்னவோ, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் ஹருவான் மீன் சூப்போடு ஓர் ஆலோசனையையும் கொண்டு வருகிறார்கள்: "நாலு நாள் மேலே போய் இருந்துட்டு வாங்க, குளிர்ச்சிக்குப் புண் சீக்கிரம் ஆறிடும்." சின்னத் தையல் என்றால் பெரிய கேடில்லை. தோல் ஒட்டியோ, சதையை இடம் மாற்றியோ செய்த பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் அந்த நான்கு நாள் காத்திருக்கத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே நடிகைகளின் மூக்குதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அடுப்புத் தீயில் வெந்த கை, பட்டாசில் கருகிய முகம், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தை, புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண் ஆகியோருக்குச் செய்வதும் இதே சிகிச்சைதான். ரவாங் மக்களுக்குப் பழக்கமான செலாயாங் மருத்துவமனையில், 2000ஆம் ஆண்டில் டாக்டர் வி.பத்மநாதன் தலைமையிலான குழு ஒரு மாதக் குழந்தைக்கு இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தியது உலகச் செய்தியானது. நூலளவு ரத்தக் குழாய்களை இணைக்கும் அந்தத் திறமைதான், இடம் மாற்றிய சதையைப் பிழைக்க வைப்பதற்கும் அடிப்படை.

தொடையிலிருந்து எடுத்துக் கையில் ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் கசியும் திரவத்தை உறிஞ்சித்தான் அது உயிர் வாழ்கிறது. பிறகு மெல்ல மெல்லப் புதிய குழாய்கள் வந்து சேரும். அந்த நாட்களில் உராய்வு, குளிர், ஆக்சிஜன் குறைவு எதுவும் அதற்கு ஆகாது.

மலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கெந்திங் உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதே 21 விழுக்காடுதான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. ஆரோக்கியமானவருக்கு இது தெரியவே தெரியாது. மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ரத்தச் சோகை உள்ளவர், நீரிழிவுக்காரர், சிகரெட் பிடிப்பவர் ஆகியோரின் புண்ணுக்குத்தான் அந்தச் சிறு குறைவும் கணக்கில் வரும். நம் நாட்டில் நீரிழிவு அதிகம் காணப்படுவது இந்தியர்களிடம்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

உயரத்தைவிடக் குளிர் மோசம். குளிர்பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். சதையை இடம் மாற்றிய நோயாளியை மருத்துவமனையில் கதகதப்பான அறையில் வைப்பதே இதற்காகத்தான். "குளிர்ச்சிக்குப் புண் ஆறும்" என்பது வெள்ளைக்காரன் காலத்து நினைப்பாக இருக்கலாம். சமவெளி வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் பயந்துதான் அவர்கள் மலைவாசத்தலங்களைத் தேடினார்கள், ஒட்டுத்தோலைக் காப்பாற்ற அல்ல.

பாதையும் ஒரு சங்கடம். தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறியவர்களுக்கு அந்த வளைவுகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாந்தி எடுக்கும்போது முகத்திலும் வயிற்றிலும் அழுத்தம் ஏறி, ஆறாத தையலுக்குள் ரத்தம் கட்டலாம். ரவாங்கிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. போயே ஆக வேண்டும் என்றால் மணிக்கொரு முறை இறங்கி நடக்க வேண்டும்.

மார்பகத்தில் வைத்த சிலிக்கோன் மலையில் வெடித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அதில் காற்று இல்லை, வெடிக்காது. கண்ணுக்குள் வாயு நிரப்பிச் செய்யும் விழித்திரை அறுவைதான் உண்மையில் ஆபத்து. அது பிளாஸ்டிக் சர்ஜரி அல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும்: உயரம் ஏறினால் அந்த வாயு விரிந்து கண்ணையே கெடுத்துவிடும். வாயு கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை மலையும் கூடாது, விமானமும் கூடாது.

வெயிலை யாரும் நினைப்பதில்லை. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். பனிமூட்டம் அதை முழுதாகத் தடுக்காது. புதுத் தழும்பு, அதிலும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில், வெயில்பட்டால் கறுத்துப் போய் நாளாகியும் மாறாது. துணியால் மூடுவதும் சன்ஸ்கிரீன் பூசுவதும் மாதக் கணக்கில் தொடர வேண்டும்.

எப்போது போகலாம்? முகத்துத் தையலை ஒரு வாரத்திலும் உடம்புத் தையலை இரண்டு வாரத்திலும் பிரிப்பது வழக்கம். தோல் ஒட்டியிருந்தால், அது பிடித்துவிட்டது என்று அறுவை செய்த மருத்துவரே சொன்ன பிறகுதான். கினபாலு மலையேற்றம் வேறு கணக்கு: இரவு தங்கும் பானாலாபானே 3,200 மீட்டருக்கு மேல்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அவ்வளவு எளிதல்ல. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அறுவை முடிந்ததும் அவர்கள் திரும்ப வேண்டிய வீடே மலையில்தான் இருக்கிறது. அந்த உயரம் அவர்கள் உடம்புக்குப் பழகியது, ஆனால் குளிரும் வளைவும் அவர்களையும் விடாது. வீடு மலையில் என்பதை வார்டிலேயே சொன்னால், டிஸ்சார்ஜ் தேதியை ஓரிரு நாள் தள்ளிவைப்பது பற்றி டாக்டர் யோசிக்க முடியும். சமவெளியில் உறவினர் வீடு இருந்தால் முதல் கட்டு பிரிக்கும்வரை அங்கேயே தங்கலாம். வீட்டுக்குப் போன பிறகு ஒட்டிய இடம் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்து மூச்சு வாங்கினாலோ விடியும்வரை பொறுக்கக் கூடாது. தானா ராத்தா மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 999-ஐ அழைக்கலாம். அறுவை செய்த மருத்துவமனையின் கடிதம் கையில் இருக்கட்டும். எந்தச் சதை எங்கிருந்து எங்கே போனது என்பதை இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.