பூசாத சுவரும் பேக்கர் துரையும்

வீடு கட்டக் கடன் மனு எழுதிய அன்பர்களுக்குத் தெரியும். எஸ்டிமேட் கைக்கு வந்ததும் பாதி ஆசை போய்விடும். சிமெண்டும் கம்பியுமே பணத்தை விழுங்கிவிடும். எனக்கும் அதே கதைதான். அந்தக் கவலையோடு ஒருநாள் திருவனந்தபுரம் போனபோது, ரயிலடிக்கு எதிரே உள்ள இந்தியன் காபி ஹவுஸில் நுழைந்தேன். செங்கல் நிறத்தில் வட்டமான கட்டடம். மாடிப்படியே இல்லை, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. கட்டியவர் யார் என்று விசாரித்தேன்.

லாரி பேக்கர், 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். உலகப் போரின்போது சீனாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த நாளில் பம்பாயில் காந்திஜியைச் சந்தித்தார். வீட்டுக்கான பொருள்களை ஐந்து மைல் சுற்றளவில் தேடிக்கொள்ள வேண்டும் என்ற காந்திஜியின் கருத்து அவர் மனத்தில் ஊன்றிவிட்டது. 1945-ல் இந்தியா வந்து தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டினார். 1948-ல் மலையாளப் பெண்மணியான டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இமயமலையில் பித்தோராகட்டில் 16 ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, 1963-ல் இருவரும் நம் பீர்மேடு பக்கத்து வாகமண்ணுக்கு வந்தார்கள். அங்கிருந்து திருவனந்தபுரம் சென்று அங்கேயே நிலைத்தார்கள்.

அவர் முறை எளியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவார். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். பாலக்காட்டு வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? தளத்தில் கான்கிரீட்டுக்கு வேலை குறைந்த அடிப்பாகத்தில் பழைய ஓட்டைப் பதிப்பார். சுவருக்குப் பூச்சு கிடையாது. இப்படி மிச்சமாகும் பணம் கம்பெனிக்குப் போகாமல் கொத்தனார், சித்தாள் கூலியாகட்டும் என்பது அவர் எண்ணம்.

1990-ல் பத்மஸ்ரீ பெற்ற பேக்கர், 2007 ஏப்ரல் 1-ல், 90-வது வயதில் காலமானார்.

இதையெல்லாம் எங்கள் ஊர்க் கொத்தனாரிடம் சொன்னேன். "கட்டிடலாம் சார். பூசாத சுவரைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் என்ன சொல்லுவாங்க?" என்றார். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் பூச்சுக்காக வாங்கும் கடனுக்கு வட்டி கட்டப் போவது சம்பந்தி அல்லவே! எஸ்டிமேட்டைத் திருத்தி எழுதக் கொடுத்திருக்கிறேன்.