பில் 45 ஆயிரம், க்ளெய்ம் 30 ஆயிரம்

முன்பக்கம் இடித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன காருக்கு 45,000 ரூபாய் பில் வருகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி தருவதோ 30,000. மீதியை வண்டிக்காரர்தான் கட்ட வேண்டும். டெலிவரி எடுக்கும் நாளில் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் குரல் உயர்வது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் பாலிசியிலேயே அச்சாகியிருக்கும் தேய்மானக் கணக்குதான்.

1,500 சிசிக்கு உட்பட்ட அந்தக் கார் ஐந்தாவது ஆண்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு வண்டி புதிதானாலும் பழையதானாலும் பாதி விலைதான். ஆக, 18,000 ரூபாய் பம்பர், கிரில்லில் 9,000 போய்விடும். உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். முதல் ஆறு மாதம் கழிவு இல்லை, ஐந்தாவது ஆண்டில் 35 சதவீதம், பத்து ஆண்டு தாண்டினால் 50. எனவே 10,000 ரூபாய் பானட்டுக்கு 6,500 வரும். 12,000 ரூபாய் பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,500 குறையும். லேபர் 5,000 முழுதாகக் கிடைக்கும். கடைசியாக, 1,500 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் பிடிக்கும் கட்டாயக் கழிவு 1,000. கண்ணாடி உடைந்திருந்தால் அதற்குத் தேய்மானம் கிடையாது.

‘பம்பர் டு பம்பர்’ என்று ஏஜென்ட்கள் சொல்லும் ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர் இருந்திருந்தால் இந்தத் தேய்மானம் 14,000 ரூபாயும் கைக்கு வந்திருக்கும். கட்டாயக் கழிவு மட்டும் அப்போதும் உண்டு.

அந்தக் கவர் இல்லாமல் தேய்மானத்தைத் தவிர்க்க முடியாவிட்டாலும், அவசரத்தால் வரும் நஷ்டத்தைத் தவிர்க்கலாம். இடித்த கையோடு தெரிந்த டிங்கர் கடையில் பானட்டைத் தட்டி நிமிர்த்திவிட்டு, அதற்குப் பிறகு கம்பெனிக்குப் போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எதைப் பார்ப்பார்? நம்பர் பிளேட் தெரிய நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், உடனே தகவல் கொடுங்கள், சர்வே முடியும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள். பம்பரைக் கழற்றிய பிறகுதான் ரேடியேட்டர் நசுங்கியிருப்பது தெரிகிறதா? புதிதை மாட்டும் முன் சர்வேயரை மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள். அவர் பார்க்காத பாகத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்த கெடுவின்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அடுத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: க்ளெய்ம் போடத்தான் வேண்டுமா? ஐந்தாண்டு க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ். ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். அந்த பிரீமியம் 10,000 ரூபாய் என்றால், பழைய நிலைக்கு வருவதற்குள் மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். பார்க்கிங்கில் விழுந்த 6,000 ரூபாய்க் கீறலுக்கு க்ளெய்ம் போடுவது, என் கணக்கில், கைக்காசு நஷ்டம். போனஸைக் காக்கும் தனிக் கவர் எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

கம்பெனி அநியாயமாக மறுத்தாலோ, காரணமில்லாமல் குறைத்தாலோ, முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். பதில் வந்த நாளிலிருந்து, பதிலே வராவிட்டால் அந்த ஒரு மாதம் முடிந்ததிலிருந்து, ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.