ஃபயர்பிளேஸ்ல எந்தக் கட்டையைப் போடுறது?

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்ல செயற்கை விறகே கிடைக்கும். மரத்தூளையும் மெழுகையும் கலந்து அழுத்தின கட்டை. பேப்பர் உறையோட பத்த வெச்சா ரெண்டு மூணு மணி நேரம் எரியும். கலிஃபோர்னியாவின் டியூராஃபிளேம், பென்சிலுக்கு அறுத்த தேவதாரு மரத்தூளைக் காசாக்கப் போய்ப் பிறந்த பிராண்ட்!

நிஜ விறகுல பிரச்சினை ஈரம்தான். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் ஒரு கிலோவை ஆவியாக்கவே சுமார் 2,260 கிலோஜூல் போயிடும் (தெர்மோடைனமிக்ஸ்ல படிச்ச அதே லேட்டன்ட் ஹீட்). நெருப்பு சூடு குறைஞ்சு, சரியா எரியாத புகை சிம்னிக்குள்ள கிரியோசோட்டா படியும். அது தார் மாதிரி. ஒருநாள் சிம்னியே தீப்பிடிக்கலாம். அதனால விறகைப் பிளந்து அடுக்கி, ஆறு மாசமாவது காய வெச்சு, ஈரத்தை 20 சதவீதத்துக்குக் கீழ கொண்டுவரணும்.

மெழுகுக் கட்டையில் புகை குறைவு. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் போடணும். கிளறினா குப்புன்னு கொழுந்துவிடும். அதுல சோளம் சுடுற ஐடியா வேண்டவே வேண்டாம்.

எப்பவாவது ஒரு சாயங்காலம் நெருப்பைப் பார்த்துட்டு உட்காரணும்னா மெழுகுக் கட்டை போதும். தினமும் குளிர் காயணும்னா காய்ந்த விறகுதான். அதுவும் மூடின இரும்பு அடுப்புல. திறந்த ஃபயர்பிளேஸ் சூட்டுல பெரும்பகுதியை சிம்னி வழியா வானத்துக்கே அனுப்பிடும்.