சர்வர் வாங்கினால் போதுமா?



ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றியோ, ராஜபாளையம் நாயைப் பற்றியோ எழுதினால் இந்த மலரில் எல்லோரும் படிப்பீர்கள். நான் எழுத வந்திருப்பதோ சர்வருக்குள் இருக்கும் ‘ஃபர்ம்வேர்’ பற்றி. பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! எங்க அப்பாவின் சம்பளம் ஐந்து நாள் தள்ளிப்போனதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

கடந்த கோடை விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பயிற்சிக்குப் போனேன். ஒருநாள் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையிலிருந்து போன். சம்பளக் கணக்கு வைத்திருக்கும் சர்வர் கிளம்பவில்லை. கடை அண்ணாச்சியும் நானும் பஸ் ஏறினோம். அது எங்க அப்பா வேலை பார்க்கும் மில். இருபது வருஷமாக ரிங் ஃப்ரேமுக்கு எண்ணெய் போடுகிறார். அந்த ஆபீஸ் அறைக்குள் அவர் ஒருநாளும் போனதில்லை. நான் போனேன்.

டிஸ்க்குகளில் பழுதில்லை. அவற்றைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கார்டுதான் அவற்றைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது. தயாரித்த கம்பெனியே இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, இரண்டு வருஷம் முன்பே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை இறக்கப் போனால், “ஒப்பந்த எண் கொடுங்கள்” என்றது திரை. மில்லிடம் ஒப்பந்தம் இல்லை. மூன்று வருஷ வாரண்டியும் முடிந்துவிட்டது. பணம் கட்டி, மதுரையிலிருந்து ஆள் வந்து சரிசெய்ய ஐந்து நாள் ஆயிற்று. வீட்டில் சீட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தை அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினார்கள்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

அன்று இரவு அப்பா இதைத்தான் கேட்டார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். “மெஷினோட இரும்பு வன்பொருள். ஆபீஸ்ல ஓடுற சம்பளக் கணக்கு மென்பொருள். ரெண்டுக்கும் நடுவுல, இப்படித்தான் ஓடணும்னு மெஷினுக்குள்ளேயே கம்பெனி எழுதி வைக்கிற சின்ன புரோகிராம்தான்ப்பா ஃபர்ம்வேர்” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அவன் எழுதுனதுல அவன் செஞ்ச தப்பு. அதைத் திருத்த நாம ஏன்டா காசு கொடுக்கணும்?”

நான் பதில் தேடிப் படித்தவை இனி.

ஒரு தப்பு எவ்வளவு பெரியதாகும்?

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. சர்வர்களில் பயன்படும் சில எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும்! அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். டிஸ்க்கும் திரும்பாது, தகவலும் திரும்பாது. மருந்து, புதிய ஃபர்ம்வேர் மட்டுமே.

நாம் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் படித்ததை நினைவுபடுத்துங்கள். குறியுடன் கூடிய 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதற்கு அடுத்தது 32,768. காரணம் எங்கே இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். 2020 மார்ச்சில் வேறு சில டிஸ்க்குகளுக்கு 40,000 மணி நேரத்தில் இதே கதி என்று இன்னோர் எச்சரிக்கை வந்தது.

ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று தாங்கும் என்றுதானே ‘ரெய்டு’ முறையில் பல டிஸ்க் போடுகிறோம்? ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றால் ரெய்டு என்ன செய்யும்?

திருத்தம் யாருக்கு?

அந்த நிறுவனம் இரண்டாகப் பிரிவதற்கு முன், ஹெச்.பி. என்ற பெயரில் இருந்தபோது, 2014 பிப்ரவரியில் ஒரு புது விதி கொண்டுவந்தது. புரோலயன்ட் சர்வர்களின் சில ஃபர்ம்வேர்கள், வாரண்டியோ ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் எல்லோருக்கும் தொடரும் என்றது. வாடிக்கையாளர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியது. டெல் நிறுவனமோ, சர்வீஸ் டேக் எண்ணைக் கொடுத்தால் ஒப்பந்தம் கேட்காமலே பயாஸ், டிரைவர்களைப் பொதுவாக இறக்கிக்கொள்ள விடுகிறது.

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. திருத்தம் எழுதவும் சோதிக்கவும் செலவாகும். நேரில் ஆள் வர, உதிரிபாகம் தரக் காசு கேட்பது முறைதான். ஆனால் விற்கும்போதே உள்ளே இருந்த குறையைத் திருத்தவும் காசு என்றால், அப்பா கேட்ட கேள்விதான் என் கேள்வியும்.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று துறை பிரித்திருக்கிறார்கள். சர்வருக்கும் ஒரு காலம் வரட்டும்!

நாம் செய்யக்கூடியவை

1. வாங்கும் முன்பே கேளுங்கள்: வாரண்டி முடிந்த பிறகு ஃபர்ம்வேர் கிடைக்குமா? எத்தனை வருஷம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2. மாடல், ஃபர்ம்வேர் எண், வாரண்டி முடியும் தேதி, டிஸ்க் ஓடிய மணி நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள்.

3. வாரண்டி முடிவதற்குள் எல்லாத் திருத்தங்களையும் போட்டுவிடுங்கள்.

4. போடும் முன் பேக்கப், போடும்போது யு.பி.எஸ். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்.

5. ஓசியில் கிடைக்கிறதே என்று முன்பின் தெரியாத தளத்திலிருந்து ஃபர்ம்வேர் இறக்காதீர்கள்.

இப்போது அந்த மில் ஆபீஸில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கம் நான் எழுதியது. அதைக் கேட்டதும் அப்பா சொன்னார்: “எங்க டிபார்ட்மென்ட்லயும் எண்ணெய் நோட்டு இருக்குடா. எழுதாத மெஷின்தான் முதல்ல நிக்கும்.”

டிப்ளமோ முடித்து நம்மில் பலர் சர்வீஸ் வேலைக்குத்தான் போகப் போகிறோம். நாம் எழுத மறந்த ஒரு வரியால், யாரோ ஒருவர் வீட்டில் சம்பளம் தள்ளிப்போகக்கூடும். மறவாதிருப்போம்!