'லே ஆஃப்': தள்ளி வைத்தலா, தள்ளி விடுதலா?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நகரத்து நெசவாலைகளை நம்பி வந்தவர் அவர்களுள் பலர். ஆலைச் சங்கொலி கேட்டுப் பொழுதறிந்த அவ்வீடுகளில், ஆங்கிலம் பயிலாதவரும் பொருளறிந்து வழங்கிய ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. 'ஷிப்டு', 'போனஸ்', 'லாக்கவுட்' என்பன போல 'லே ஆஃப்' என்பதும் அவற்றுள் ஒன்று. அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தருவது பெருவழக்கு. 'லை' என்றால் கிடத்தல். 'லே' என்றால் கிடத்துதல். நம்முடைய 'கிட', 'கிடத்து' என்னும் தன்வினை, பிறவினைகளைப் போன்றே இவையும் பழைய ஆங்கிலத்திலிருந்து இணையாக வருபவை. 'ஆஃப்' என்பது விலகி, அப்பால் என்னும் பொருளது. ஆகவே, 'லே ஆஃப்' என்பதன் நேர்ப்பொருள் அப்பால் எடுத்து வைத்தல் என்பதே. கடலோடிகள், கப்பலைக் கரையினின்று விலக்கிச் செலுத்துதலையும் இச்சொல்லால் குறித்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிலிடங்களில் இது வேறொரு பொருள் பெற்றது. வேலை குறைந்த பருவத்தில் ஆட்களைச் சிலகாலம் நிறுத்தி வைப்பர். வேலை மிகுந்ததும் மீண்டும் அழைப்பர். அதற்கு இப்பெயர் வழங்கிற்று. நாளடைவில், மீண்டும் அழைக்கும் எண்ணமே இன்றி நீக்குவதற்கும் இதே சொல்லை ஆளத் தொடங்கினர். 'நீக்கினோம்' என்பது கடுஞ்சொல். 'எடுத்து வைத்தோம்' என்பதோ மென்சொல். செத்தாரைத் துஞ்சினார் என்பதை நம் இலக்கணம் மங்கலம் என்று கூறுமன்றோ? அத்தகையதே இதுவும்.

இந்தியச் சட்டமோ பழம்பொருளையே காத்து நிற்கிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953ஆம் ஆண்டு செய்த திருத்தம் இச்சொல்லுக்கு வரையறை தந்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால், பெயர்ப்பட்டியலில் உள்ள தொழிலாளிக்கு முதலாளி வேலை கொடுக்க இயலாமையே 'லே ஆஃப்' ஆகும். அவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்குவதில்லை. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலைகளில், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை ஈடாகத் தருதல் வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் 'பதிலி' ஆட்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இவ்வரையறையையே பின்பற்றுகிறது. நிலையாக நீக்குதல் இதனின் வேறு. அதன் பெயர் ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ வேண்டும்; நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் பதினைந்து நாட் சம்பளமும் தருதல் வேண்டும்.

இன்று அச்சங்கொலிகள் ஓய்ந்துவிட்டன. ஸ்ரீராம்புரத்துக்கு அருகே ராஜா மில் இருந்த இடத்தில் பெரியதொரு வணிக வளாகம் நிற்கிறது. மெட்ரோ ரயில் ஸ்ரீராம்புரம் நிலையத்தில் நின்று செல்கிறது. ஆனால் சொல் மட்டும் ஓயவில்லை. கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர் வாயிலும் 'லே ஆஃப்' வழங்குகிறது. பாட்டனார் வாயில் அது சில வாரத்துப் பாதிச் சம்பளம். பேரன் வாயில் அது வேலையே போயிற்று என்பது. சொல் ஒன்று; விளைவு இரண்டு.

தமிழில் இம்மயக்கத்துக்கு இடமில்லை. 'தள்ளி வைத்தல்' என்றால் பின்னர் எடுப்பதற்காக. 'தள்ளி விடுதல்' என்றால் அதனோடு முடிந்தது. 'வை', 'விடு' என்னும் இரு துணைவினைகள் அவ்வேறுபாட்டை விளக்கி விடுகின்றன. ஆகவே, யாரேனும் நம்மிடம் 'லே ஆஃப்' என்று கூறினால், சொல்லின் மென்மையில் மயங்காது ஒன்றைக் கேட்டல் நலம்: "என் பெயர் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா?" பெறவேண்டிய உரிமை இன்னதென்று அவ்விடையே காட்டும்.